நரியக்காவின் ஓரகத்தி

அருங்காட்சியகத்தின் மாடியில், படியேறியதும் வலது கைப்பக்கம் ஒரு நீளமான கூடம். நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்குகள் அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பஞ்சடைத்து நிற்கும். கோடிச் சுவரில் பெரிய உலகப்படப் பலகை. எந்த இனம் எந்த நாட்டில் வாழ்கிறது என்று வண்ணம் பூசிக் காட்டியிருக்கும். அந்தக் கூடத்தின் வழிகாட்டிக்கு ‘நரியக்கா’ என்று பெயர் விழுந்து பல வருடமாகிறது. கணவன் ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அது பெருமைதான்.

கொழுந்தன் மனைவியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவளேதான். கீழே நுழைவுச்சீட்டு கிழிக்கிற வேலை. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில். காலையில் ஓரகத்திகள் இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை.

நரியக்கா காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் ஓரகத்தி கூடத்தைப் பார்த்துக்கொண்டாள். குணமாகித் திரும்பிய நரியக்கா படியேறும்போதே பிள்ளைகளின் ஆரவாரம் கேட்டது. ஓரகத்தி செந்நாய்ப் பெட்டியின் முன்னால் நின்றிருந்தாள்.

“இது ஓநாய் மாதிரி ஊளை விடாது. காட்டுல கூட்டம் சிதறிப் போச்சுன்னா எப்படிக் கூப்பிடும் தெரியுமா?” என்றவள், இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தாள். கூடமே அதிர்ந்தது. பிள்ளைகளும் ஆளுக்கொரு விரலை வாயில் வைத்தார்கள்.

செந்நாய் சீட்டியடிக்கும் என்று நரியக்காவும் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அடித்துக் காட்ட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அந்தச் சீட்டி அவள் வயிற்றில் நெருப்பாக இறங்கியது.

அன்றிலிருந்து ஓரகத்தியும் மாடியிலேயே நிலைத்துவிட்டாள். வருகிறவர்கள், “அந்தச் சீட்டி அக்கா எங்கே?” என்று கேட்டார்கள். நரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கை காட்டினாள். வீட்டில் குழம்பு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால்கூட, இன்று சமைத்தது யார் என்று முதலில் கணக்குப் பார்த்தாள்.

“நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காம இருந்தா சரின்னு விடேன்” என்றான் கணவன்.

“உங்களுக்கென்ன! புடுங்குறது என்னையில்ல.”

அவள் சறுக்கட்டும் என்று நரியக்கா காத்திருந்தாள். ஒருநாள் அதுவும் வாய்த்தது. உலகப்படத்தில் வட ஆப்பிரிக்காவைத் தொட்டு ஓரகத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: “இங்க இருக்கறதைப் பொன்னிறக் குள்ளநரின்னு போட்டிருக்கு. ஆனா இது குள்ளநரி இல்ல. ஓநாய்க்குச் சொந்தம்.”

பலகையில் எழுதியிருப்பதையே மறுக்கிறாளே! நரியக்கா கால் தரையில் படாமல் காப்பாட்சியரின் அறைக்குப் போனாள். காப்பாட்சியர் பொறுமையான அம்மாள்.

“மேடம், தப்பாச் சொல்லிக் குடுக்கறாங்க. நம்ம கூடத்துக்குத்தான் கெட்ட பேரு.”

காப்பாட்சியர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “சரியாத்தானம்மா சொல்லியிருக்காங்க. ஆசியாவுல இருக்கறதும் ஆப்பிரிக்காவுல இருக்கறதும் பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும். மரபணுவைப் பார்த்தப்புறம் ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுட்டாங்க. பலகையைத்தான் நாம இன்னும் மாத்தல. நீங்க படிக்கலையா?”

படிக்கவில்லை. பலகையே வேதம் என்று இருந்துவிட்டாள். கோள் சொல்லப் போய் மூக்குடைந்ததுதான் மிச்சம்.

காப்பாட்சியருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். மறுவாரமே கூடத்தை இரண்டாகப் பிரித்தார். நரிகள் நரியக்காவுக்கு, ஓநாய், குள்ளநரி, செந்நாய் எல்லாம் ஓரகத்திக்கு. நரியக்கா படத்தைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டாள். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என்று உலகத்தின் மேல்பாதி முழுக்கச் செந்நரியின் நிறம்தான். பனிக்காட்டு வெள்ளை நரியும், முறம் போல் காது விரித்த பாலைவன நரியும் அவள் பக்கம். போதாதா?

சிக்கல் தென்னமெரிக்காவில் வந்தது. அந்தக் கண்டத்து நரிகள் இரண்டு, ஒரே பெட்டியில் நின்றன. கூர்மூக்கு, அடர்ந்த வால், எல்லாம் நரியேதான். நரியக்கா அதை எப்போதோ தன் பக்கம் இழுத்து வைத்திருந்தாள். மூக்குடைந்த பிறகு அவளும் ராத்திரி பகலாகப் புத்தகம் புரட்டத் தொடங்கியிருந்தாள். அப்படிப் புரட்டியபோது கண்ணில் பட்டது. பெயர்தான் நரி, உறவுமுறையில் அவை ஓநாய்க் கூட்டத்தோடு சேர்ந்தவை.

மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் ஓரகத்தியிடம் போய், “அந்தப் பெட்டி உன்னோடது” என்றாள்.

“தெரியும்க்கா. உங்ககிட்டயே இருக்கட்டும். பார்க்க நரி மாதிரிதானே இருக்கு?”

தெரிந்துகொண்டே விட்டுக்கொடுத்திருக்கிறாள்! என்னுடையதுதான் என்று பிடுங்கிக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். இந்தப் பெருந்தன்மைதான் அவளைச் சுட்டது.

“எனக்கு ஒண்ணும் பிச்சை போட வேணாம். பிடி அந்தப் பக்கம்!”

இருவருமாகப் பெட்டியைத் தள்ளினார்கள். சக்கரம் கிறீச்சிட்டது. நடுவில் கம்பளத்தில் மாட்டிக்கொண்டு இருவரும் விழப்போக, ஓரகத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நரியக்காவும் சிரித்துத் தொலைத்தாள். அதற்குப் பிறகு, அந்தப் பெட்டியைக் காட்டி “இது எந்த நரி?” என்று யார் கேட்டாலும், “அதோ, என் ஓரகத்தி சொல்லுவா” என்று அனுப்பிவைத்தாள். அனுப்பும்போது ஒரு முள் குத்தும், இருந்தாலும் அனுப்பினாள்.

மழைக்காலத்தில் ஓரகத்திக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நரியக்கா இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பேசினாள். யாருக்கும் தெரியாமல் வீட்டுக் குளியலறையில் பழகிய சீட்டியை அன்றுதான் அடித்துப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. ஒரு பெண்குழந்தை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “சீட்டி ஆன்ட்டி எப்ப வருவாங்க?” என்று கேட்டது. போகிறவர்களில் பாதிப்பேர் அதையேதான் கேட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டு ஆற்றி, ஓரகத்தியின் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தாள்.

“நல்லா கொப்பளி. சீக்கிரம் வந்து சேரு, என்னால ரெண்டு பக்கமும் ஓட முடியல.”

ஓரகத்தி கம்மிய குரலில் கேட்டாள்: “யாராவது என்னைக் கேட்டாங்களாக்கா?”

நரியக்கா போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள்.

“ஒருத்தரும் கேக்கல. நீ தூங்கு.”