தானியேல் அண்ணன் நிறுத்திக்கொண்ட சாட்சி

கம்பெனி கேண்டீனில் சாப்பிட உட்கார்ந்தபோது தானியேல் அண்ணனின் மனைவி ரத்னம்மா அக்காவின் போன் வந்தது. "தம்பி, அவரு போயிட்டாரு" என்றார். அழவில்லை. "பாஸ்டருக்கு நீயே சொல்லிடு. எனக்குப் பேச்சு வரல." சிறுநீரகம் பழுதாகி நெடுநாளாகப் படுத்திருந்தவர்தான். ஆனாலும் தட்டிலிருந்த சோற்றை என்னால் தொட முடியவில்லை.

ஓசூரில் நம் சபைக்கு வருகிற எல்லோருக்கும் தானியேல் அண்ணனைத் தெரியும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விதைக்கிற குடும்பத்தில் மாதப்பனாகப் பிறந்தவர். போச்சம்பள்ளியில் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார். குடியை விட்டு ஞானஸ்நானம் எடுத்துத் தானியேல் ஆனபின் அவர் சொன்ன சாட்சி இந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. கூட்டத்துக்குத் தக்கபடி தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்வார். "குடிச்சிட்டு வந்து சம்சாரத்த அறைஞ்சன். அன்னிக்கி அவளுக்கு இடது காது போச்சு. அப்பேர்ப்பட்ட பாவிய கர்த்தர் மன்னிச்சாரு" என்று அவர் கையை உயர்த்தும்போது எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். சிலர் அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதைச் சொல்லி முடித்ததும் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ரத்னம்மா அக்கா எழுந்து நின்றார். அவர் ஞானஸ்நானம் எடுக்காதவர். கணவரோடு வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். நம்மில் பலர் அவர் குரலைக் கேட்டதே அன்றுதான்.

"அந்தக் காது என்னோடதுங்க. இவரு கேட்டாராம், சாமி மன்னிச்சிட்டாராம். எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். போதகர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். அண்ணன் மைக்கை நாற்காலிமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிருஷ்ணகிரி தாண்டியதும், "அவ பட்ட அடியச் சொல்லித்தான் தம்பி இத்தன வருசமா நான் பேரு வாங்கிக்கினு இருந்திருக்கன்" என்றார்.

"அக்காகிட்ட கேட்டீங்களாண்ணா?"

"வீட்டுக்குப் போனதும் கேட்டன். தப்புதான், மன்னிச்சிடுன்னு. சோறு போட்டா. பதில் சொல்லல."

அதற்குப் பிறகு அவர் எங்கும் சாட்சி சொல்லவில்லை. வெளியூர்ச் சபைகள் கூப்பிட்டும் போகவில்லை. ஒருநாள் போதகர் என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். "தேவன் மன்னிச்சத நீங்க சந்தேகப்படலாமா பிரதர்?" என்று கேட்டார்.

"சந்தேகம் இல்லீங்க பாஸ்டர். எனக்கு மன்னிப்பு கெடச்சது நெசம். அவளுக்கு என்ன கெடச்சது?"

போதகர் எழுந்து நின்றார். ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பினோம். அக்கா கொடுத்த காபியை அவர் பாதிதான் குடித்திருந்தார்.

சாட்சியை நிறுத்திய அந்த வருடங்களில் அண்ணன் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவியிடம் இரண்டாம் முறை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்து வாங்குவதும் இன்னொரு அடி மாதிரிதான் என்பார். ஒருமுறை ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "போன வாரம் கொழம்புல உப்பில்லன்னு கைய ஓங்கிட்டன் தம்பி. குடிக்கல, ஒண்ணுமில்ல. அவ அப்படியே சுவத்தோட ஒண்டினா. கைய எறக்கிட்டன். ஆனா ஓங்கின கை என்னோடதுதான?"

நான் குழாயை மூடினேன். அவர் தொடர்ந்தார். "பாவம் போயிடுச்சு போயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னன். உள்ளதான் கெடக்குது. கிருபை இல்லன்னா அந்தக் கை எறங்கியிருக்காது. அது ஒண்ணுதான் இப்ப எனக்குத் தெரியும்."

அடக்க ஆராதனையில் போதகர், சகோதரியும் அவரை மனதார மன்னித்து வழியனுப்புகிறார் என்று சொன்னபோது, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா இல்லை என்று தலையசைத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்று முதல் சபையில் சிலர் அவரைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

சில நாள் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "மன்னிச்சிட்டியான்னு எல்லாரும் கேக்கறாங்க தம்பி. எனக்குத் தெரியல. இல்லாதத எப்படி இருக்குதுன்னு சொல்றது? கடைசியா மூச்சு வாங்கறப்ப ரொம்பப் பயந்தாரு. அங்க போயி இந்த மனுசன் பயந்துக்கினு நிக்கக் கூடாதுன்னு உங்க சாமிகிட்ட கேட்டன். நானா அந்தச் சாமிகிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

அந்த ஜெபம் கேட்கப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். நம்பாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நாம் கைதட்டிய அந்தச் சாட்சி எனக்கு மெல்ல மறந்துகொண்டு வருகிறது. ஓங்கிய கை தன்னுடையதுதான் என்று குழாயடியில் நின்று ஒப்புக்கொண்டவரின் முகம் மறக்கவில்லை. என் வீட்டில் என் குரல் உயரும்போது அந்த முகம் முன்னால் வந்து நிற்கிறது. சில நாள் குரல் தணிகிறது. சில நாள் தணிவதில்லை.