நாக்கு தொடர்பான தடை

ஜெயபாலிடம் முதல் தடவை பேசுகிறவர் யாராக இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் நாக்கை நீட்டிவிடுவார். சண்டை எதுவும் இல்லை, ஜெயபாலே கேட்டு நீட்டவைப்பார். "நாக்க வெளிய நீட்டு. ரெண்டு ஓரத்தையும் மேல மடி. குழா மாதிரி வருதா பாக்கலாம்." கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், ஷேர் ஆட்டோ டிரைவர், ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர் என்று ஒருவரையும் விட்டதில்லை. கட்சிக்காரருக்கு மடியவில்லை. அந்த வருத்தத்தில் அவர் துண்டுப் பிரசுரம் கொடுக்க மறந்துவிட்டுப் போனாராம்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் ஆசிரியை. ஜெயபால் எங்கள் லேப் அட்டெண்டர். கள்ளிக்குப்பத்திலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவார். ஒரு காலத்தில் தவளை பிடித்து வருவதும், அறுத்தபின் அப்புறப்படுத்துவதும் அவர் வேலை. தவளை அறுப்பது நின்றுபோன பிறகு பாதி வேலை போய்விட்டது. சும்மா உட்காருகிற ஆள் இல்லை அவர். கடைசி வரிசையில் ஸ்டூல் போட்டுப் பாடம் கேட்க ஆரம்பித்தார். அறுபது பிள்ளைகள் கேட்காத பாடத்தை ஒரு மனிதர் கேட்கிறாரே என்று எனக்கும் பெருமைதான். அதில் இருந்த வில்லங்கம் அப்போது தெரியவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்தது உயிரினங்களின் மாறுபாடு. கல்லூரி கேட்டில் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டது. ஐந்தும் ஐந்து நிறம். "ஒரே தாயி மேடம். இது இன்னா இப்டி கலர் கலரா கீது?" என்று மூன்று நாள் என்னைத் துளைத்தார். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி கலந்து வருகிறது, எப்போதாவது மரபணுவே மாறிவிடுவதும் உண்டு என்று சொன்னேன். சாப்பாடு, வெயில், வளர்ப்பு எல்லாம் சேர்ந்துதான் கடைசி உருவம் என்றும் சொன்னேன். மறுநாளே மணி பிளாண்ட் ஒன்றை இரண்டாக வெட்டி, ஒன்றை ஜன்னலிலும் ஒன்றை பீரோவுக்குப் பின்னாலும் வைத்தார். ஜன்னல் கொடி தழைத்தது. பீரோ கொடி வெளுத்து நோஞ்சானாக நீண்டது. துறைத்தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஒரே செடி சார். ஊடுதான் வேற." இவ்வளவு தெளிவாக எனக்கே சொல்ல வராது.

ஒவ்வொரு வருடமும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி உண்டு. காது மடல் ஒட்டியிருக்கிறதா, கட்டைவிரல் பின்னால் வளைகிறதா, நாக்கு மடிகிறதா என்று ஒருவரையொருவர் பார்த்து எழுத வேண்டும். நாக்குக்கு நான் ஒரு விதியும் சொல்லிக்கொடுப்பேன். மடிக்கிற குணம் ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது. அப்பா அம்மா இருவருக்கும் மடியாவிட்டால் பிள்ளைக்கு மடியவே மடியாது. நான் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சரிபார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. என் சோம்பேறித்தனத்தை எங்கே போய்ச் சொல்ல.

இந்த நிலையில் அவர் மகள் ரெனிதாவுக்குக் கல்யாணம் கூடியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கிற ஆன்டோ, ஆவடிப் பையன். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரை இன்னார் மணக்கப் போகிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஃபாதர் சபை நடுவே அறிவிப்பதற்குத்தான் அந்தப் பெயர். முதல் ஓலை வாசித்த மதியம் ஆவடியில் சம்பந்தி வீட்டு விருந்து. ஜெயபால் போனார், சாப்பிட்டார். வெற்றிலைத் தட்டு வந்ததும் வழக்கம்போல எல்லாரையும் நாக்கை நீட்டச் சொன்னார்.

ஆன்டோவின் அப்பாவுக்கு மடியவில்லை. அம்மாவுக்கும் மடியவில்லை. ஆன்டோ நாக்கை நீட்டி, குழாயாக்கி, அதன் வழியாக ஒரு விசிலும் அடித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். ஜெயபாலுக்கு மட்டும் தின்ற பிரியாணி நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் லேபில் என் மேஜை பக்கத்தில் வந்து நின்றார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் தவளைக்கு நான்கு இதயம் என்று எழுதியிருந்த எரிச்சலில் இருந்தேன்.

"மேடம், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் மடியலன்னா, புள்ளைக்கு வரவே வராதா? ஒரு தபா கூடவா?"

"வராது" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த வாரம் முழுக்க மனிதர் பேயறைந்தவர்போல் இருந்தார். இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. தடை தெரிந்தவர்கள் என்று சொன்னபோது ஃபாதர் தன்னை மட்டுமே பார்த்ததாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மதியம், லேபைப் பூட்டும் நேரத்தில், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "சாயங்காலம் ஃபாதர்கிட்ட குடுக்கணும் மேடம். எழுத்துப் பிழை கீதா பாருங்க."

அதில் இப்படி இருந்தது:

"வணக்கத்திற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கு. பொருள்: நாக்கு தொடர்பான தடை. மணமகனின் தந்தைக்கு நாக்கு மடிவதில்லை. தாயாருக்கும் மடிவதில்லை. மணமகனுக்கு மட்டும் குழாய்போல் மடிகிறது, விசிலும் வருகிறது. எனவே மணமகனின் உண்மையான தகப்பனார் வேறு ஒருவர் என விலங்கியல் துறை கருதுகிறது."

விலங்கியல் துறை என்றால் யார்? நானும், வருடத்தில் பாதி நாள் லீவில் இருக்கும் துறைத்தலைவரும்! எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"அண்ணே, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஒரு பொம்பளையைப் பத்தி இப்படி எழுதலாமா? கல்யாணமே நின்னுபோகும்!"

"எனக்கு மட்டும் ஆசையா மேடம்? ஆன்டோ தங்கமான புள்ள. மறைச்சா கோயிலுக்குத் துரோகம், சொன்னா பொண்ணுக்குத் துரோகம். ரெண்டு வாரமா தூக்கமே இல்ல." கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அப்போதுதான், அதாவது பன்னிரண்டு வருடம் கழித்து, போனை எடுத்து அந்த விதியைத் தேடிப் பார்த்தேன். கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. அந்த விதி எப்போதோ செல்லாது என்று ஆகிவிட்டது. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரிலேயே ஒருவருக்கு மடிகிறது, மற்றவருக்கு மடிவதில்லை. சிறுவயதில் மடியாமல், வளர வளரப் பழகிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மரபணு, ஒரு விதி என்று அடங்குகிற விஷயமே இல்லை அது.

சொன்னேன். அவர் நம்பவில்லை. "பன்னெண்டு வருசமா கரெக்டா இருந்தது, ஓலை வாசிக்கிற நேரத்துல தப்பாயிடுச்சா? என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றீங்க." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

நான் ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பின்னாலேயே கள்ளிக்குப்பம் போனேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். வாயில் வந்ததை வகுப்பில் சொன்னது நான், அடிவாங்கப் போவது ஆவடியில் ஒரு அப்பாவி அம்மா.

வீட்டில் அவர் கோயிலுக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். மனைவி சகாயமேரி மீன் கழுவிக்கொண்டிருந்தார். ரெனிதா கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். கடிதத்தையும் வாங்கிப் படித்துக் காட்டினேன். சகாயமேரி மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். ரெனிதா எழுதுவதை நிறுத்திவிட்டாள். அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, உங்களுக்கு மடியுமா?" என்று கேட்டேன்.

"மடியாது. மேரிக்கும் மடியாது. நீங்க பாடம் சொன்ன அன்னிக்கே பாத்துட்டேன்."

"ரெனிதாவுக்கு?"

"ரெண்டு பேருக்கும் வராதப்ப அவளுக்கு எப்டி வரும்? பாக்கவே வேணாமே."

ரெனிதா பேனாவை மூடி வைத்தாள். நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள். நாக்கை நீட்டி மடித்தாள். ஓரங்கள் இரண்டும் ஒட்டி, அழகான குழாய்.

குழாயடியில் பூனை மீனை இழுக்கிற சத்தம் கேட்டது. சகாயமேரி இடுப்பில் கை வைத்து, "இன்னாய்யா பாக்குற? எழுது. உன் பொண்ணுக்கும் ஒரு லெட்டர் எழுது" என்றார்.

ஜெயபால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாடம்தான் தப்பு மேடம்" என்றார்.

"அந்தம்மாவப் பத்தி எழுதுறப்ப மட்டும் கரெக்டா இருந்துச்சா?" என்று சகாயமேரி விடவில்லை.

ஜெயபால் என் கையிலிருந்த தாளை வாங்கி, ஒரு எழுத்துகூட மிஞ்சாதபடி கிழித்தார். "நாளிக்கே ஆவடி போய் அந்தம்மா கால்ல உழுந்துடறேன்" என்றார்.

"போய் இன்னான்னு சொல்லுவ?" என்றார் சகாயமேரி. "எதுக்கு உழுறன்னு கேட்டா, இந்தக் கதையச் சொல்லுவியா? வாய மூடிக்கினு கோயிலுக்குப் போய் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணு. அது போதும்."

ஜெயபால் தலையாட்டினார். செருப்பு மாட்டிக்கொள்ளப் போனவர் திரும்பி ரெனிதாவிடம் வந்தார்.

"எப்பலேர்ந்து கண்ணு உனுக்கு வருது?"

"எட்டாவது படிக்கும்போதுலேர்ந்து டாடி. மொதல்ல வரல. கண்ணாடி முன்னாடி நின்னு தினமும் ட்ரை பண்ணிப் பண்ணி வர வெச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க எல்லாரையும் கேப்பீங்க. பால்காரரைக் கேப்பீங்க, என் ஃப்ரெண்ட்ஸ் அத்தனை பேரையும் கேப்பீங்க. என்னிக்காச்சும் என்னையும் கேப்பீங்கன்னு நெனச்சு வெயிட் பண்ணேன்." திரும்பிப் போய்ப் பத்திரிகைகள் முன்னால் உட்கார்ந்தாள். "கேக்கவே இல்ல."

ஜெயபால் கோயிலுக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இப்ப கேக்குறேன்" என்றார். "எங்க, நாக்க நீட்டு பாக்கலாம்."