தேவசகாயம் கோத்த ஒரு வரி

தேவசகாயத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று செங்கல்பட்டு அச்சகத்தில் எல்லோரும் குறை சொல்வார்கள். அங்கே புரூஃப் பார்த்தவன் நான். என்னைக் கேட்டால் அவர் கோபம் போதாது என்பேன்.

பண்ணைக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. எட்டாவதோடு படிப்பை விட்டு எழுத்துக் கோக்க வந்தவர். பதினான்கு வருடத்தில் அவர் கைபடாத எழுத்து கிடையாது, ஒரு பெட்டியைத் தவிர. அதை முதலாளி கங்காதரன் பூட்டி வைத்திருந்தார். சுவரொட்டிக்கான மர எழுத்து. உயரமாய், ஒடுங்கி, தடித்த கோடுகளோடு தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். எத்தனை நீளப் பெயரும் ஒரே வரியில் அடங்கும். ஓடும் பஸ்ஸிலிருந்தும் படிக்கலாம். மிராசுதார் வீட்டுக் கல்யாணம், கருமாதி, கோயில் உபயம் எல்லாம் அதில்தான். பெரிய மனிதர் பெயர் இரண்டு வரியாக உடையக் கூடாதாம். வெட்கங்கெட்ட வழக்கம்.

எழுபத்து மூன்றில் சந்திரம்மா கருமாதிச் சுவரொட்டி அடிக்க வந்தாள். மாமல்லபுரம் சாலையில் ஒரு கிராமம். மிராசுதார் தணிகைவேலின் கிணற்றில் தூர் வாரும்போது சுவர் சரிந்து அவள் புருஷன் சின்னையன் செத்திருந்தான். சரியும் என்று சொல்லச் சொல்ல இறக்கிவிட்டிருந்தார்கள்.

"அவரு பேரு பெருசா வரணும் சார். பஸ்ல போறவங்களுக்கும் தெரியணும்."

கங்காதரன் சிரித்தார். "அந்த மர எழுத்து நீட்டு வரிக்கும்மா. உம் புருஷன் பேருக்கு அது இன்னாத்துக்கு? சாதா எழுத்தே போதும்."

தொழில்படி அது சரிதான். அதனால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"நீட்டு வரியா இருந்தா குடுப்பீங்களா மொதலாளி?" என்றார் தேவசகாயம். முகம் சிவந்திருந்தது.

"எடுத்துக்கோ போ." சாவியை வீசிவிட்டு முதலாளி சாப்பிடப் போனார்.

தேவசகாயம் அவளிடம் திரும்பினார். "எங்க செத்தாரு? அதையும் சேத்துச் சொல்லும்மா."

அவள் சொன்னாள். அவர் கோத்தார். 'தணிகைவேல் கிணற்றில் செத்த சின்னையன்.' தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வரி. முதலாளி கை கழுவி வருவதற்குள் ஐம்பது தாள் சந்திரம்மாவோடு பஸ் ஏறிவிட்டது.

மறுநாள் தணிகைவேல், சுவரிலிருந்து கிழித்த தாளோடு வந்து மேஜையில் அறைந்தார்.

"இன்னாய்யா இது? எம் பேரும் அவன் பேரும் ஒரே எழுத்துலயா?"

அவ்வளவுதான் கேட்டார். பொய் என்றுகூடச் சொல்லவில்லை. தேவசகாயத்துக்கு அந்த நிமிஷமே வேலை போயிற்று. தெருவே கேட்கத் திட்டிவிட்டு வெளியேறினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் நானும் அவரும் சந்திரம்மாவிடம் போனோம்.

"கெணத்தப் பத்தி இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா," என்றார் தேவசகாயம். "எழுத்தத்தான் கேட்டாரு."



"அப்போ அவருக்கு வலிச்சது அது மட்டுந்தானா அண்ணாத்த?"