மண்ணெண்ணெய் போட்டு அழித்த பெயர்

என் கணவரின் பெயரை நான்தான் அழித்தேன். ஊர் கூடித் திறக்கவிருந்த பெயர்ப்பலகையில், பச்சை வர்ணம் சரியாகக் காய்வதற்கு முன்பே, மண்ணெண்ணெயும் பழைய சேலைத் துண்டும் கொண்டு தேய்த்து அழித்தேன். புருசனுக்குப் பெயர் வருவது பொறுக்காதவள் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் தபால்காரர். எங்கள் ஊர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், வேலணைக்கு அப்பால், கடலைக் குறுக்கறுத்துப் போகும் தாம்போதி வீதியோரம் இருந்தது. எதிரே ஒரு சின்னத் தீவு. அங்கே கடிதம் கொடுக்க அவர் தினமும் வள்ளத்தில் போய்வருவார். அந்தக் கடல் பெரும்பாலும் இடுப்பளவுதான். ஆனால் தாம்போதியின் கீழே மதகுகள் உண்டு. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் ஒரு பக்கத்துக் கடல் முழுவதும் அந்த மதகுகளுக்குள்ளால் நுரை தள்ளிக்கொண்டு மறுபக்கம் பாயும். அந்த மதகு வாயில் ஆள் தாழும். சின்னத்தீவுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவதற்கு அதைக் கடந்தாக வேண்டும்.

ஒருநாள் பிள்ளைகள் வந்த வள்ளம் அங்கே கவிழ்ந்துவிட்டது. இவர் கடிதப் பையைக் கரையில் எறிந்துவிட்டுக் குதித்து எல்லாரையும் இழுத்துப் போட்டார். அன்று பின்னேரமே, இனி இந்தத் தண்ணீரை ஊரில் எல்லாரும் பழக வேண்டும் என்று சொல்லி வள்ளம் விடப் பழக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் பழக்குகிற விதமே வேறு. துடுப்பைக் கையில் கொடுக்க மாட்டார். முதல் நாள், ஆளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய் நடுத் தண்ணீரில் தானே கவிழ்த்துவிடுவார். "கவிண்டால் என்ன செய்யிறதெண்டு தெரிஞ்ச ஆளுக்குத்தான் துடுப்பு" என்பார். இடுப்பில் மிதவையாகக் கட்டிய வெறும் எண்ணெய்க் கானோடு இருமி, திட்டி, அழுது கரையேறியவர்கள் மறுநாள் தாங்களாகவே வந்து நிற்பார்கள். பிள்ளைகள், தாய்மார், பள்ளிக்கூட அதிபர், கோயில் ஐயர் வரை அவரிடம் கவிழ்ந்தவர்கள்தான். முழங்கால் ஏலாத கிழவர்களை விட்டால், கவிழாத ஒரே ஆள் நான். தண்ணீர் என்றால் எனக்கு முழங்காலுக்கு மேலே ஆகாது. "என்னட்டைப் பெயிலான ஒரே ஆளை நானே கட்டியிருக்கிறன்" என்று எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஊர்ச் சனசமூக நிலையம் அவர் பழக்குகிற கரையை ஒழுங்கான துறையாகக் கட்ட முடிவெடுத்தது. ஊரே கூடிச் சிரமதானத்தில் சீமெந்துப் படி கட்டினோம், தூண் நட்டுக் கயிறு இழுத்தோம், நான்கு வள்ளம் வைக்க ஓலைக் கொட்டில் போட்டோம். கல் சுமந்ததில் என் பங்கும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு கூட்டம் வைத்து, துறைக்கு என் கணவரின் பெயரை வைப்பதென்று தீர்மானித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழும்பி வேண்டாம் என்றேன்.

காலத்தைச் சொல்ல வேண்டும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் முடிந்து இரண்டு வருடம். காரைநகர்ப் பக்கமிருந்து கடற்படையின் ரோந்துப் படகுகள் எங்கள் கடலில் நினைத்த நேரம் வந்துபோயின. மீனுக்குப் போனவர்களையே மறித்து, எங்கே போகிறாய், யாரை ஏற்றினாய் என்று உலுப்பிய காலம். அப்படிப்பட்ட கரையில், கடும் தண்ணீரில் வள்ளம் விடப் பழக்குகிறவர் இவர்தான் என்று முழுப் பெயரையும் எழுதித் தூக்கி நிறுத்தினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? யாரைப் பழக்குகிறாய், எதற்குப் பழக்குகிறாய் என்று அந்தப் பெயருக்குரியவரைத்தானே கொண்டுபோவான்? இதைத்தான் கூட்டத்தில் கேட்டேன்.

சனசமூக நிலையத் தலைவர் சிரித்தார். அவர் தெற்கில் நாற்பது வருடம் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த சாரத்தோடு ஊர் வந்து சேர்ந்தவர். முழங்கால் தேய்ந்து பொல்லோடு நடப்பார்.

"பிள்ளை, நீர் வீணாப் பயப்பிடுறீர். இது எங்கடை ஊர்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, உங்கடை கடையை எப்பிடிக் கண்டுபிடிச்சவங்கள்? வாசல்லை பேர் இருந்தபடியால்தானே?"

சொல்லியிருக்கக் கூடாது என்று வாயை மூடிய பிறகுதான் தெரிந்தது. தலைவர் பொல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதாலைதான் பிள்ளை" என்றார். "எங்கடை மண்ணிலையாவது எங்கடை ஆள் ஒருத்தன்ரை பேரைப் பயமில்லாமல் எழுதிப் பாக்கோணும் எண்டு நினைக்கிறன்."

அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. ஆனால் எரிந்தது அவருடைய கடை, போகப்போவது என் மனிசன். நான் விடுவதாக இல்லை.

வீட்டில் இவரிடம் கேட்டேன், நீங்களே வேண்டாம் என்று சொல்லுங்கோவன் என்று. "ஊர் ஆசைப்படுகுது" என்று மழுப்பினார். பிறகுதான் தெரிந்தது, பலகை எழுதுகிறவரின் வீட்டுக்கு இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பத்தொன்பது வருடம் மற்றவர்களின் பெயரை வாசித்து வாசித்துக் கடிதம் கொடுத்த மனிதர். தன் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் அவர் ஒருநாளும் கண்டதில்லை. அது எனக்கு விளங்கியது. விளங்கியபடியால் பிறகு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

திறப்பு நாளன்று காலை பலகையைத் துறையில் நட்டு வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். எல்லாரும் மேளக்காரரை எதிர்கொள்ளச் சந்திக்குப் போன நேரம் நான் துணிக்குள் கையை விட்டேன். 'வள்ளப் பயிற்சித் துறை' என்பதைத் தொடவில்லை. அதற்கு முன்னால் இருந்ததை மட்டும் தேய்த்தேன். கை முழுக்கப் பச்சை.

தலைவர் துணியை இழுத்தார். பெயர் இருந்த இடத்தில் ஒரு பச்சை அழுக்கு. மேளம் நின்றுவிட்டது. "ஆர் செய்தது?" என்று அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

"நான்தான். திருப்பி எழுதினால் திருப்பியும் அழிப்பன்."

இவர் மடிப்புக் குலையாத சேட்டுடன் நின்றுகொண்டிருந்தார். காலையில் நான்தான் அதை மினுக்கிக் கொடுத்தேன். பலகையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க ஏலாது. வீட்டுக்கு வந்த பிறகு, "எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தால் விட்டிருப்பீங்களோ?"

"மாட்டன்."

அவ்வளவுதான். அடுத்த நாள் பின்னேரம் வழமைபோலத் துறைக்குப் போய் யாரையோ கவிழ்த்தார்.

ஊர் என்னை விலக்கி வைக்கவில்லை, ஆனால் முகம் கொடுக்கவில்லை. தலைவர் வீதியில் என்னைக் கண்டால் வேலியைப் பார்த்துக்கொண்டு போவார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் பலகையில் திரும்ப எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒருநாள் காலை கடற்படைப் படகுகள் நேரே துறைக்கே வந்தன. அங்கே நின்ற எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். படகைக் கண்டு ஓடிவந்த நானும் அந்த வரிசையில் அகப்பட்டேன். இவர் எனக்குப் பக்கத்தில், அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறியவர், ஈரம் சொட்டச் சொட்ட நின்றார். அதிகாரி வள்ளங்களைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்றான். கூட வந்த தமிழ் தெரிந்தவன் கேட்டான்:

"இங்க யாரோட பேர் இருந்தது? ஏன் அழிச்சது?"

பெயர் இருந்தால் கேட்பான் என்று பயந்து அழித்தவள் நான். அழித்த அடையாளத்தைக் கண்டு கேட்கிறான். பக்கத்தில் இவர் வாயைத் திறக்க மூச்செடுப்பது கேட்டது. அவருடைய ஈரச் சேட்டைப் பின்னால் பிடித்து இழுத்தேன்.

வரிசையின் கடைசித் தொங்கலில் பொல்லுச் சத்தம் கேட்டது. தலைவர் முன்னுக்கு வந்தார்.

"என்ரை பேர்தான். நான்தான் இஞ்சை தலைவர். ஊர்ச் சண்டையிலை அழிச்சுப் போட்டுதுகள்."

"நீயா வள்ளம் பழக்கிறது?"

"ஓம். நான்தான்."

அவருக்கு நீந்தத் தெரியாது. முழங்கால் மடிக்க ஏலாது. அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான். வரிசையில் ஒருவரும், இவரிடம் பழகிய சின்னப் பிள்ளைகள்கூட, என் கணவரின் பக்கம் திரும்பவில்லை. தலைவர் அவரை ஒருதரம் முறைத்தார், பேசாமல் நில் என்பதுபோல. அதிகாரி தலைவரின் முழுப் பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் முகாமுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று பின்னேரம் இவர், முகாமுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று வெளிக்கிட்டார். தலைவரே எங்கள் வீட்டுப் படலையடிக்கு வந்து மறித்தார். "போனால் நான் பொய் சொன்னனான் எண்டு ரெண்டு பேரையும் பிடிப்பாங்கள். போய்ப் பிள்ளையளைப் பழக்கும்" என்று இவரைப் பேசித் திருப்பி அனுப்பினார். என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை நான் பஸ் தரிப்பிடத்துக்குப் போய்த் தலைவருக்குப் பக்கத்தில் நின்றேன். "நீர் என்னத்துக்கு?" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. "நானும் வாறன்" என்றேன். வேண்டாம் என்றார். நான் ஏறிவிட்டேன். அடுத்த திங்களும் ஏறினேன். முகாம் வாசலில் அவரை வெயிலில் காக்க வைத்தார்கள், சில நாள் உள்ளே கூப்பிட்டு மத்தியானம் வரை கேள்வி கேட்டார்கள். வெளியே வரும்போது முழங்கால் வீங்கியிருக்கும். ஒருநாள் கன்னமும் வீங்கியிருந்தது. விழுந்துவிட்டேன் என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை, அழுதேன்.

அன்று திரும்பும் பஸ்ஸில்தான் மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

"ஐயா, நான் அழிச்சிராட்டி அவன் கேட்டிருக்க மாட்டான். உங்களுக்கு இது வந்திராது."

"அழிச்சிராட்டி அவன் ஏன் கேட்கிறான்? வாசிச்சிருப்பான்."

பஸ் தாம்போதியில் ஏறியது. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பேரை எல்லாரும் கேட்கச் சொல்லோணும் எண்டு நான் எவ்வளவு ஆசைப்பட்டனான், தெரியுமே? அண்டைக்கு அவன் வந்து கேட்டே விட்டான். நாக்கைக் கடிச்சுக்கொண்டு நிண்டனான், பிள்ளை."

பிறகு, "உம்மடை மனிசன் இப்ப எங்கை?" என்றார்.

"தண்ணிக்குள்ளை, ஐயா. சின்னத்தீவுப் பிள்ளையளோடை."

"அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார். இறங்கும்போது முதல்தடவையாக என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.