தேத்தண்ணிக்குள் மருந்து

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் கடலில் ஓடிய லோஞ்சுப் படகில் எஞ்சின் பார்த்தவர் முத்தலிப். பாலங்கள் வந்து சனமெல்லாம் பஸ்ஸில் ஏறத் தொடங்கியதும் வீட்டோடு இருந்துவிட்டார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. கடல் குழம்பினால் "பயப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா? "இண்டைக்குக் கஷ்டந்தான்" என்று சொல்லி, லோஞ்சில் இருந்த பெண்களையெல்லாம் அழ வைத்துவிடுவார்.

அவருடைய மனைவி நஜ்முன் நிஸாவுக்கு மறதி வந்தது. முதலில் சிரித்துக்கொண்டார்கள். கறிக்கு உப்பு இரண்டு தரம் விழும். மூக்குக்கண்ணாடி அரிசிப் பானைக்குள் கிடக்கும். பிறகு ஒரு நாள் பின்னேர அஸர் தொழுது முடித்தவள், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மறுபடியும் அதே அஸருக்குக் கை கால் கழுவி உளூச் செய்யப் போனாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவளா இப்படி! சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டுக் கந்தளாய்க்கு நடந்த அந்தப் பொல்லாத நாட்களில், இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, காணி உறுதி, அடையாள அட்டை, சின்னவளுடைய இருமல் மருந்து வரைக்கும் நினைவாக எடுத்து வந்தவள் அவள். முத்தலிப் பதற்றத்தில் ஒரு வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அதைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ வருடம் அவரைக் கேலி செய்தாள். இப்போது அந்த வாளிக் கதையும் அவளுக்கு மறந்துவிட்டது.

ஒரு பின்னேரம் வாசலில் நின்ற கணவரைப் பார்த்து, "ஆரைத் தேடி வந்தீங்க?" என்று கேட்டாள். அடுத்த நிமிடமே சிரித்துச் சமாளித்துக்கொண்டாள். ஆனால் முத்தலிப்பால் அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. உலகத்தில் எதை வேண்டுமானாலும் மறக்கட்டும், தன்னை மட்டும் மறந்துவிடக் கூடாது. அந்த ஒரு பயம்தான் அவரை ஆட்டிப் படைத்தது.

டவுனில் பெரிய டொக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். "ஐயா, இது மெல்ல மெல்லக் கூடுற மறதி வருத்தம். நான் எழுதித் தாறதை மட்டும் குடுங்க. அன்பா வச்சுப் பாருங்க," என்றார்.

"சத்துக் குளிசை, மாத்திரை ஏதும் குடுக்கலாமா?"

"அவவுக்குச் சத்துக் குறைவு ஒண்டும் இல்லை. அதை நம்பி ஏமாறாதீங்க."

நல்ல சொல்லை யார் கேட்கிறார்கள்? கத்தாரில் இருக்கும் மகன் நிப்றாஸ், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கெப்சூல் போத்தலைக் கொடுத்து அனுப்பினான். மேலே மூளைப் படம், சுற்றிப் பச்சை இலை. மூளைக்குப் பலமாம், வயது போனவர்களுக்குத் தெம்பாம். விற்கிறவன் நல்லா இருக்கட்டும், வேறு என்னத்தைச் சொல்ல!

நிஸா ஒரு கெப்சூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தக் கூடு என்னத்தால செய்தது?"

எப்போதோ பெண்களுக்கு நடந்த மார்க்கப் பயானில் கேட்டது அவளுக்கு மறக்கவில்லை. சில கெப்சூல்களின் கூட்டில் பன்றியில் எடுத்த சாமானும் சேருகிறதாம். காலையில் தின்றது நினைவில்லாதவளுக்கு இது நினைவிருந்தது. "எனக்கு வேணா. சந்தேகமானத வாயில வைக்க ஏலாது," என்று தள்ளிவிட்டாள்.

அன்றைக்கே முத்தலிப் ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டைப் பிரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருந்த தூளை மட்டும் அவளுடைய தேத்தண்ணிக்குள் கொட்டிக் கலக்கினார். தூள் செடிகொடியில் எடுத்ததுதானே, அதில் என்ன குற்றம் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார். அவள் தெளிவாகப் பேசிய நாட்களில் புகழெல்லாம் தூளுக்குப் போயிற்று. குழம்பிய நாட்களில் இன்னும் கொஞ்சம் கூடக் கலந்தார்.

ஒரு காலை குசினியில் அடுப்போரம் அவர் கூட்டைப் பிரித்துக்கொண்டு நின்றபோது, சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றாள் நிஸா. திரும்பியவர் திடுக்கிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஏன்தான் ஒளித்தாரோ அந்த மனிதன்!

"றப்பே, அல்லாவே! தேத்தண்ணிக்குள்ள என்னத்தப் போடுறான் இவன்?"

பொய் வராத வாய் அல்லவா? "மருந்து... மருந்துதான் நிஸா," என்று உளறிவிட்டார்.

வேறு எந்தச் சொல்லையும் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்து ஊர்களில் ஒருவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து போடுவது என்றால் அது சூனியம். ஆளின் புத்தியைக் கெடுத்து வசப்படுத்துகிற வேலை. நிஸா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். "எனக்கு மருந்து குடுத்துட்டான்! அதாலதான் எனக்கு ஒண்டும் நினைவில்ல!"

வேலிக்கு அப்பால் இருந்து ஓடி வந்த பக்கத்து வீட்டுச் சுஹைராவும் அந்தச் சொல்லைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். போத்தலைக் காட்டி விளங்கப்படுத்திய பிறகு, "அல்லாவே, எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா காக்கா?" என்று கூடப்பிறந்த அண்ணனிடம்போல் கேட்டாள். அவளுக்கு விளங்கியது. நிஸாவுக்கு விளங்கவில்லை.

மற்றதெல்லாம் அவளுக்கு மறந்து போயிற்று, இது மட்டும் மறக்கவேயில்லை. அவர் கையால் ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்க மறுத்தாள். உதடு வெடித்துக் கிடந்தும் வாயைத் திறக்கவில்லை. முத்தலிப் போத்தலைக் குப்பையில் எறிந்தார், கெஞ்சினார், அழுதும் பார்த்தார். கடைசியில் கிண்ணியாவில் இருந்து மகள் சனூஸா வர வேண்டியதாயிற்று.

மகள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நிஸா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குசினி வாசலில் நின்ற முத்தலிப்பையே பார்த்தபடி இருந்தாள்.

"எங்கட மனுசன் லோஞ்சில போயிருக்காரு," என்றாள் அவரிடம். "அவரு வரட்டும். நீ செய்ததெல்லாம் ஒண்டு விடாமச் சொல்லுவன். உன்னச் சும்மா விடமாட்டாரு."

"உம்மா, இவருதான்..." என்று தொடங்கினாள் சனூஸா. முத்தலிப் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"சொல்லுங்க," என்றார் மனைவியிடம். "அவரு வந்ததும் சொல்லுங்க."

வெளியே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

"போயிட்டானா?" என்று உள்ளே கேட்டாள் நிஸா.

"போயிட்டாரு உம்மா."

"கதவப் பூட்டு."

சனூஸா எழும்பி வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் நிஸா தேத்தண்ணியைக் குடித்தாள்.