ஒரு கிலோமீட்டர் பொய்

நாகப்பன் மாமா என்னைத் திருடன் என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். அவர் செய்ததெல்லாம் தன் காரின் பெட்ரோல் மூடிமேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டியதுதான். காலையில் குனிந்து அது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் நிமிர்ந்து என் வீட்டைப் பார்ப்பார். இருபது வீடு ஒட்டி நிற்கும் லைனில் இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

எனக்கு எஸ்டேட்டில் மெஷினால் புல் வெட்டும் வேலை. மெஷின் பெட்ரோலில் ஓடும். அதற்கென்று என் வாசலில் எப்போதும் ஒரு கேன் இருக்கும். அவர் காரும் என் வாசலை ஒட்டித்தான் நிற்கும். ஊர் வாய்க்கு இது போதாதா?

மாமா எதையும் நம்பாதவர். எங்கள் லைனிலேயே பிறந்தவர். திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்கு முப்பத்தோரு வருஷம் காய்கறி லோரி ஓட்டியவர். ஒரு விபத்து கிடையாது. சமையல் கேஸ் தோம்பு வந்தால் குலுக்கிப் பார்ப்பார், முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடிப்பார். ஒருமுறை பிரேக்கில் தீய்ந்த வாடை வருகிறது என்று தாப்பா இறக்கத்தில் லோரியை ஓரங்கட்டிவிட்டு, முதலாளி போனில் கத்தக் கத்த அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். இறங்கிப் பார்த்தால் பிரேக் எண்ணெய்க் குழாய் விரிசல் விட்டிருந்ததாம். அன்றிலிருந்து சந்தேகம்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்பது அவர் கட்சி.

லோரியை விட்ட பிறகு பழைய ஆட்டோ கியர் கார் ஒன்று வாங்கினார். லைன் பிள்ளைகள் நாலு பேரை ரிங்லெட் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய்வருவார். என் மகள் தனுஜாவும் அதில் ஒருத்தி. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அந்தக் காரின் மீட்டரே காட்டும். மாமா அதை நம்புவாரா? ஒவ்வொரு தடவையும் ரிங்லெட்டில் அதே பம்பில், தானாக 'டக்'கென்று நிற்கும்வரை பெட்ரோல் எண்ணெய் ஊற்றுவார். பக்கத்துப் பம்பில் கார் சரிவாக நிற்குமாம், அளவு கெட்டுவிடுமாம். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்து, மீட்டர் சொன்னதையும் பக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதுவார். மீட்டர் பதினைந்து என்றால் கையால் போட்ட கணக்கு பதினாலு வரும்.

"பார்த்தியா விஜயா, ஒரு கிலோமீட்டர் பொய் சொல்லுது லா" என்று என்னிடம் காட்டிச் சிரிப்பார். அப்போது நாங்கள் நல்லபடியாக இருந்தோம்.

பிறகு கணக்கு இறங்க ஆரம்பித்தது. பதினாலு பதிமூன்றானது, பன்னிரண்டானது, மூன்று மாதத்தில் பத்துக்கு வந்துவிட்டது. மாமா டயருக்குக் காற்றடித்தார், பிளக் மாற்றினார், எண்ணெயில் தண்ணீர் கலக்கிறான் என்று பம்புக்காரனிடம் சண்டை போட்டார். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் செலோடேப் வந்தது. அவர் மனைவி இராசம்மா அத்தை என்னைப் பார்த்தால் துணி காயப்போடாமலே உள்ளே போய்விடுவார். எனக்கும் புத்தி கோணலாக ஓடியது. கிழவர் ரகசியமாக எங்கோ சவாரி அடித்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டுகிறாரோ என்று நானும் நினைத்தேன். பொய் சொல்வானேன்?

ஒரு சாயங்காலம் தனுஜா பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"அப்பா, நீங்க நாகப்பன் தாத்தா காடியிலேருந்து பெட்ரோல் எடுக்குறீங்களா? பின் சீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

ஒன்பது வயசுப் பிள்ளை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேராகப் போய் மாமாவின் கதவைத் தட்டினேன்.

"மாமா, நாளைக்குச் சனிக்கிழமை. நோட்ட எடுத்துக்கிட்டு வாங்க. லோகேஸ்வரன் பட்டறைக்குப் போவோம். நான் திருடன்னு அவன் சொன்னா, லைன் நடுவுல நிக்கிறேன், செருப்பால அடிங்க."

"உன்னை யாருடா சொன்னா?" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

லோகேஸ்வரன் ரிங்லெட் மெக்கானிக். நோட்டை வாங்கி, கிரீஸ் விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தான்.

"அங்கிள், ஆரம்பத்துல மீட்டர் பதினஞ்சு, உங்க கணக்கு பதினாலு. இப்ப மீட்டர் பதினொன்னு, உங்க கணக்கு பத்து. எப்பவும் ஒன்னுதான் வித்தியாசம், சரியா?"

"அதான் பொய் மீட்டர்ங்கிறேன்."

"பொய்தான். ஆனா ஒரே பொய். மீட்டர் இன்ஜின் குடிக்கிறத மட்டும்தான் எண்ணும். பெட்ரோல் தேங்கிலேருந்து எவனாவது உறிஞ்சியிருந்தா மீட்டருக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்குப் பதினஞ்சுலயே நிக்கும், உங்க கணக்கு மட்டும் பத்துக்கு விழும். ரெண்டும் சேர்ந்து விழுந்திருக்கு. எண்ணெய் எங்கயும் போகல அங்கிள். உங்க காடிதான் குடிச்சிருக்கு."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நான் சொன்னால் யாரும் நம்பாததை ஒரு பொய் மீட்டர் சொல்லிவிட்டது. மாமா மட்டும் நோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்.

லோகேஸ்வரன் விடவில்லை. மீட்டரைப் பூஜ்யமாக்கி, எங்களையும் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் முச்சந்திவரை ஏறி இறங்கி வந்தான். அவன் ஓட்டியபோது மீட்டர் பதினைந்து காட்டியது; இன்ஜினில் கோளாறு இல்லை. காரைத் தூக்கி முன் சக்கரத்தைக் கழற்றினான். ஐந்து மாதத்துக்கு முன் அவனே மாட்டிய பிரேக் கட்டை தகடாகத் தேய்ந்து கிடந்தது.

"அங்கிள், ரெண்டு காலாலயும் ஓட்டுறீங்களா? ஒன்னு எண்ணெய் பெடல்ல, ஒன்னு பிரேக்குல?"

மாமா குனிந்து தேய்ந்த கட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"பனியில வளைவு சரியாத் தெரிய மாட்டேங்குது தம்பி. பிள்ளைங்க இருக்குதுங்களே, எதுக்கும் இருக்கட்டும்னு பிரேக்கு மேலயே கால வச்சுக்கிறது. இப்பக்கூடப் பாரு, ரோட்டுல எவ்வளவு பனி."

லோகேஸ்வரன் என்னைப் பார்த்தான். உச்சி வெயில். எதிர்க் கடை போர்டில் இருந்த போன் நம்பரைக்கூட நான் நின்ற இடத்திலிருந்து படிக்க முடிந்தது.

"இன்னிக்கு ஏது அங்கிள் பனி?" என்றான் மெதுவாக.

மாமா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு சாவியை என் பக்கம் நீட்டினார். வீடுவரை நான்தான் ஓட்டிவந்தேன். எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை, பாவமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை. நாலு பிள்ளைகளும் சீருடையில் நிற்க, பெற்றவர்களும் உடன் நின்றார்கள். மாமா கார்ச் சாவி இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். இராசம்மா அத்தை பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க. விஜயன் எம் பெட்ரோல எடுக்கல. ஒரு சொட்டு எடுக்கல. நான்தான் அவன்மேல பழி போட்டேன். எனக்குக் கண்ணு தெரியல. மூனு, நாலு மாசமா பாதி ரோடு தெரியாமத்தான் உங்க பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். லைன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும், நான் நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன் என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. தவமலர் அக்கா தன் மகனைத் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டார். மற்ற இரண்டு வீட்டாரும் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். மாமா அத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு கிட்டத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்தது. தனுஜா, "தாத்தா" என்று அவரிடம் போக ஓர் அடி வைத்தாள். அவள் கையை எட்டிப் பிடித்து நிறுத்தியது நான்தான்.