தம்பிக்கு வைத்த சாப்பாடு

இந்தியாவிலிருந்து வந்த புதிதில் ஜூரோங்கில் நானும் கணவரும் அறை எடுத்திருந்த வீட்டுக்காரம்மாவை நினைத்தால், மின்தூக்கிக்குள் விறைத்து நின்ற அவர் முதுகுதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. அன்று வெள்ளிக்கிழமை. கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் தலையில் மல்லிகை, என் வயிற்றில் மகள். உள்ளே வந்த சீனப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்ததும் தன் குழந்தையின் மூக்கைப் பொத்தினாள். அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டாள். இந்த ஊரிலேயே பிறந்து, வேலை பார்த்து ஓய்வுபெற்ற வீட்டுக்காரம்மா எங்கள் மாடிக்கான பொத்தானை மறுபடி அழுத்தினார். வீட்டுக்குள் நுழைந்ததும் மல்லிகையைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

மசக்கையில் எதுவும் இறங்காத எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பி வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது, வாசல் கம்பிக்கதவைத் திறக்காமலே பேசினார்.

“தம்பி, இனிமே இங்க வரவேணாம் லா. நாங்க இங்கேயே பொறந்து வளர்ந்தவங்க. நீங்கள்லாம் வந்தப்புறம் எங்களையும் ஒரே மாதிரி பார்க்கறாங்க.”

ஓவர்டைம் முடித்து அப்படியே வந்திருந்த தம்பி, குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பிறகு உள்ளே நின்ற என்னிடம், “பரவால்லக்கா, நான் தேக்கா சாப்பாட்டுக் கடையிலயே சாப்ட்டுக்கறேன். நீ நின்னுட்டே இருக்காத, போய் உக்காரு,” என்றான்.

வீட்டுக்காரம்மாமீது கோபப்படுவதா, பரிதாபப்படுவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மின்தூக்கியில் அந்தப் பெண்ணிடம் கேட்க முடியாததை அவர் என் தம்பியிடம் சொன்னார். வேறு இடம் தேடினோம். இந்தியர்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று வீட்டு முகவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். மகள் பிறக்கும்வரை அங்கேயே இருந்தோம்.

இப்போது சுவா சூ காங்கில் எங்களுக்குச் சொந்த வீடு. வற்புறுத்தி அழைத்ததில் போன ஞாயிறு தம்பி வந்தான். ஆனால் மாடிக்கு வரவில்லை. கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்துகொண்டு போன் செய்தான்.

“சாப்பாட்ட கீழ குடுத்துருக்கா.”

“இது என் வீடுடா. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.”

“தெரியும்க்கா. பக்கத்து வீட்டுக்காரங்க நாளைக்கு ஒன்னை எதாவது சொல்லிடக்கூடாதுல்ல? கொழந்த வேற இருக்கு.”

வாதாடிப் பார்த்தேன். பிறகு சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு மகளோடு கீழே போனேன். மகள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். “மாமா, ஏன் மேல சாப்பிடல?”

“இங்கதான்டா நல்லா காத்து வருது,” என்றான்.

துளி காற்றில்லை. புதுச்சட்டை அவன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.